தாவடி நாய் படுத்த பிறகு

என் கண்ணிமையை ஒரு சின்ன விரல் பிடித்து மேலே தூக்கியது.

நான் நித்திரை போல நடித்துக்கொண்டிருந்தேன். சும்மா நடிப்பில்லை. மூச்சை ஆழமாக இழுத்து, இடைக்கிடை அளவான குறட்டையும் சேர்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தேன். பள்ளிக்கூட நாடகத்தில் பிணமாக நடித்தபோதுகூட இவ்வளவு உழைத்ததில்லை.

தூக்கிய இமைக்குள் என் மகள் ஆரபி எட்டிப் பார்த்தாள். உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் நுளம்பு வலையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள். இருட்டைப் பார்த்துச் சொன்னாள்:

"அலோ. அலோ. டெத்திங்."

அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. "அம்மா"வுக்குப் பிறகு அவள் படித்தது, மைக்கில் சொல்கிற இந்த "ஹலோ, டெஸ்ரிங்"தான். குற்றவாளி யார் என்று ஊருக்கே தெரியும்.

போன கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதிய கோயில் மைக் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் சுன்னாகம் சந்தையில் என்னை மறித்து, உங்கடை வாய் எப்பதான் ஓயும் என்று கேட்டார். கையில் வெங்காயப் பையோடு நின்ற என்னால் அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. என் வாய் ஓயவேண்டி வந்த கதை இது.

பதவி உயர்வு கிடைக்காதவன்

நான் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவன். கலியாணம், திருவிழா, விளையாட்டுப் போட்டி, செத்தவீடு எல்லாவற்றுக்கும் என் பெட்டிகள் போகும். மைக்கைப் பிடிக்க ஆள் இல்லாத இடத்தில் நானே பிடிப்பேன். ஆள் இருக்கும் இடத்திலும் எப்படியோ கை மாறி என்னிடம் வந்துவிடும்.

இந்தச் சத்தத்துக்குள் கலியாணம் கட்ட மறந்துவிட்டேன் என்றுதான் ஆட்களிடம் சொல்வது. உண்மையில் கேட்ட இடங்களில் எல்லாம், மாப்பிள்ளை நல்ல பகிடிக்காரன் என்று சொல்லித் தட்டிக் கழித்தார்கள். பகிடிக்காரனுக்குப் பெண் கொடுக்க யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் யோசிப்பார்கள். கடைசியில் சுகந்தி சம்மதித்தாள். அவள் ஆசுபத்திரியில் தாதி. இதைவிட மோசமான கேஸ்களையும் பார்த்திருப்பாள்.

ஆரபி பிறக்கும்போது எனக்குத் தலையில் கறுப்பு மயிரைத் தேடவேண்டிய வயது. பிள்ளையை நிறுக்கிற கிளினிக்குக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போவேன். முதல் நாள் அங்கிருந்த மருத்துவிச்சி, மிட்வைப் மிஸ், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டா:

"ஐயா, நீங்கள் அம்மப்பாவோ, அப்பப்பாவோ?"

"இன்னும் பதவி உயர்வு கிடைக்கேல்லை மிஸ். அப்பாதான்."

மர வாங்கில் வரிசையாக இருந்த தாய்மார் எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தா. நானும் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து கண்ணாடியைப் பார்த்தேன். அதைப் பற்றி வேறொரு கிழமை எழுதலாம், அல்லது எழுதாமலே விடலாம்.

தை மாதத்துக்கு முன்

சுகந்தியின் சம்பளமில்லாத லீவு தை மாதத்தோடு முடிகிறது. பொங்கல் முடிந்த கையோடு அவள் வேலைக்குத் திரும்பவேண்டும். காலை முறை என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் பின்னேர முறையும் வரும். அது முடிந்து, பஸ் பிடித்து, வீடு வந்து சேர எட்டு மணி கடந்துவிடும்.

பிள்ளையோ தாய் இல்லாமல் கண் மூடாது. பிறந்ததிலிருந்து ஏணைதான். சுகந்தியின் பழைய நூல் சீலையைக் கூரை வளையில் தொங்கவிட்டு, அதற்குள் போட்டு ஆட்டவேண்டும். ஆட்டும் கை சுகந்தியின் கையாக இருக்கவேண்டும். நான் ஆட்டினால் சீலையை விலக்கி எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். அவளுக்கு நான் ஆட்டுவது ஊஞ்சல், தாய் ஆட்டுவது நித்திரை.

புரட்டாதி முடியும் தறுவாயில் ஒரு நாள் அவள் ஏணைக்குள் எழும்பி நின்றுவிட்டாள். சுகந்தி பாய்ந்து பிடித்தாள். அன்றைக்கே ஏணையைக் கழற்றிவிட்டு, என்னை இருத்தி வைத்துக் கதைத்தாள்.

மிட்வைப் மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறாள். அவ சொன்னது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே வேலைகள், அதே வரிசை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் உடம்பு துடைக்கவேண்டும், இரவுச் சட்டை போடவேண்டும், பால் கொடுத்து வாய் துடைக்கவேண்டும். பிறகு வெளிச்சத்தைக் குறைத்து, வலைக்குள் போய், மெல்லிய குரலில் ஒரு பாட்டு. அடுத்தது என்ன என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்தால் அதன் மனம் ஆறும், உடம்பு தானாகவே சாயும். யார் செய்கிறார்கள் என்பதைவிட எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

"அப்ப நீங்களும் செய்யலாம்" என்றாள் சுகந்தி.

"நானோ?"

"நீங்கள்தான். ஆனா ஒண்டு. உங்கடை பகிடி எல்லாத்தையும் படலைக்கு வெளியிலை கழட்டி வைச்சிட்டு வரவேணும்."

ஒரு அலுப்பு மனிதனின் பிறப்பு

சத்தம் போட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சத்தம் போடாமல் இருக்கவும் ஒருவரும் சொல்லித்தந்ததில்லை.

மெல்லிய குரலில் பாடுங்கோ என்றாள் சுகந்தி. பாடினேன். பக்கத்து வீட்டு மாஸ்டர் தன் விறாந்தையிலிருந்து அடுத்த வரியைப் பாடினார்.

எனக்கும் ஆரபிக்கும் உள்ள உறவு அப்படி. நான் வாசலால் உள்ளே வந்தால் அவளுக்குத் திருவிழா. என் தலையில் பால்மா டின் ஏறும். முகத்தில் விதவிதமான கோணல்கள் வரும். மாட்டைப் போலக் கத்துவேன், மாடு எனக்குப் பதில் கத்தும். இப்படிப்பட்ட ஒருவன் பின்னேரம் ஏழரைக்கு வந்து, இனி எல்லாம் அமைதி என்று சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்?

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. மார்கழி விடியற்காலைகளில் கோயில் கோபுரத்தில் என் குழாய்களைக் கட்டி, ஊரிலுள்ள அத்தனை குழந்தைகளையும் எத்தனையோ வருசமாக எழுப்பியிருக்கிறேன். அந்தத் தாய்மாரின் வயிற்றெரிச்சல் எங்கே போகும்? தவணை முறையில் வந்து சேருகிறது.

ஆனாலும் பழகினேன். ஏழு மணிக்குப் பிறகு டின் தலையில் ஏறாது. முகத்தைக் கோணமாட்டேன். அவள் சிரித்தால் திருப்பிச் சிரிக்காமல், தபால் கந்தோரில் முத்திரை ஒட்டுகிறவர் போல அவளைத் துடைத்து, சட்டை போட்டு, பால் கொடுப்பேன். ஏணையிலிருந்து கழற்றிய சீலையை மெத்தைமேல் விரித்திருந்தோம். அதில் தாயின் வாசமும் கொஞ்சம் சாம்பிராணி வாசமும் இருக்கும். அதன் ஒரு மூலையைக் கையில் சுருட்டிக்கொள்வாள். நான் பக்கத்தில் கிடப்பேன்.

பகிடி விடாமல் கிடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. வாயை மூடினால் யோசனை வரும். இவள் பள்ளிக்கூடம் முடிக்கும்போது எனக்கு என்ன வயது என்று கணக்குப் பார்க்கும். இத்தனை வருசமாக நான் ஏன் வாயை மூடவில்லை என்பது அந்த இருட்டில்தான் கொஞ்சம் விளங்கியது.

முதல் கிழமை அழுகை. சுகந்தி குசினியில் நின்றுகொண்டு, உள்ளே வராமல் பல்லைக் கடித்தாள். அடுத்த கிழமை சிணுங்கல். ஐப்பசி நடுப்பகுதியில் ஒரு நாள், பாட்டு முடிவதற்கு முன்பே, சீலை மூலை அவள் கையிலிருந்து நழுவியது. நான் அசையாமல் கிடந்தேன். கால் விறைத்துப் போனதும் ஆமைபோல ஊர்ந்து வெளியே வந்தேன். சுகந்தி குசினியிலிருந்து வந்தாள். ஒரு கோப்பை தேத்தண்ணியை என் முன் வைத்தாள். எத்தனையோ மேடைகளில் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அந்தத் தேத்தண்ணிக்கு ஈடு இல்லை.

பிறகு மழை தொடங்கியது. அந்த நாட்களில்தான் எல்லாம் குழம்பியது.

ஏழரைக்கு வந்தவர்

என் அண்ணை கனடாவில் இருக்கிறார், ரொறன்ரோவில். பாண் சுடுகிற பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருசமாக இரவு வேலை. விடிய வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, படுக்கப் போகுமுன் ஆரபியைப் பார்க்க வீடியோக் கோல் எடுப்பார். அவருடைய காலை எங்களுக்குப் பின்னேரம்.

முன்பெல்லாம் ஆறரை மணிக்கு வரும் கோல் அது. அவள் விளையாடும் நேரம். குசினி அலுமாரியில் அரிசி டின்னில் போனைச் சாத்திவைத்தால், அவள் முன்னால் நின்று கைதட்டுவாள். அண்ணை அங்கே கைதட்டுவார். யாருக்கும் கரைச்சல் இல்லை.

கார்த்திகை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்பு கனடாக்காரர் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்கள். குளிர்காலத்துக்காகச் செய்வது. எங்கள் மணிக்கூட்டை யாரும் தொடுவதில்லை. அதனால் அண்ணை வழக்கமான நேரத்துக்குத்தான் எடுத்தார். எங்களுக்கு அது ஏழரையாக வந்து சேர்ந்தது.

பால் குடித்து, வாய் துடைத்து, வெளிச்சம் குறைத்து, கண் செருகும் நேரம் போன் அடிக்கும். "எங்கை என்ரை பெறாமகள்? பெரியப்பாவுக்கு ஒருக்கா ஆடிக் காட்டு பாப்பம்!" என்று அறை அதிரும். பிள்ளை ஆடும். பிறகு ஒன்பது மணிவரை ஆடும்.

எடுக்காமல் விடலாமே என்று நீங்கள் கேட்கலாம். வெளிநாட்டில் ஆட்கள் இல்லாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் கனடாக் கோல் வந்தால் கையில் உள்ள கரண்டியோடு ஓடிப்போய் எடுப்போம்.

குரல் ஏன் பெரிது

இந்த இடத்தில் அண்ணையின் சத்தத்துக்காகவும் கொஞ்சம் வாதாடவேண்டும்.

அண்ணை போனது சண்டைக் காலத்தில். அப்போது எங்களிடம் தொலைபேசி இல்லை. அவரோடு கதைக்கவேண்டும் என்றால் வவுனியாவுக்குப் போய், ஒரு கொமினிகேஷன் கடையில் பெயரைப் பதிந்துவிட்டு, வாங்கில் காத்திருக்கவேண்டும். ஒரு தடவை நான் போனேன். என்னை ஒரு சின்னப் பெட்டிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். காதில் கடல் இரைவது போல ஒரு சத்தம். அதற்குள் எங்கேயோ அண்ணை.

"கேக்குதோ?" என்று அவர் கத்தினார்.

"கேக்குது. கேக்குதோ?" என்று நான் கத்தினேன்.

"கேக்குது. கேக்குதோ?"

நேரம் முடிந்துவிட்டது. வேறொன்றும் கதைக்கவில்லை. வெளியே வந்தபோது வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும், கேட்டதாம் என்று தலையாட்டினார்கள். அண்ணை இன்னும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் கதைக்கிறார். நான் மைக்கோடு தொழிலுக்கு வந்ததற்கும் அந்தப் பெட்டிக்கும் சம்பந்தம் இருக்கலாம். ஆராயப் பயமாக இருக்கிறது.

ஒத்திகை

மார்கழி தொடங்கியதும் சுகந்தி ஒரு ஒத்திகை வைத்தாள். பின்னேர முறைக்குப் போவதுபோல வெளிக்கிட்டு, பக்கத்துத் திருநெல்வேலியில் தமக்கையின் வீட்டில் போய் இருந்தாள். எட்டு மணிக்குப் பிறகுதான் வருவேன் என்று சொல்லிவிட்டாள்.

மழை பெய்துகொண்டிருந்தது. கூரைத் தகரத்தில் ஒரே தாளம். பிள்ளையைத் துடைத்தேன். பால் கொடுத்தேன். வலைக்குள் போனோம். போனின் சத்தத்தை நிறுத்தி, தலையணைக்குக் கீழே வைத்தேன். அவள் சீலை மூலையைச் சுருட்டினாள். கண் செருகியது.

தலையணைக்குக் கீழே போன் நடுங்கியது. ஓய்ந்தது. மறுபடி நடுங்கியது. நான் எடுக்கவில்லை. என் வீரத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் படலையில் பெரிய தட்டு. டோர்ச் வெளிச்சம். பக்கத்து வீட்டு மாஸ்டர் குடையோடு நின்று கூப்பிட்டார்:

"தம்பி! கனடாவிலை இருந்து உன்ரை அண்ணை எனக்கு எடுக்கிறார். நீ போன் தூக்கேல்லையாம். வீட்டிலை ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ எண்டு பதறுறார்!"

மாஸ்டரின் கையிலேயே அண்ணை இருந்தார், முகம் வெளிறி. சத்தத்துக்கு எழும்பிவந்த பிள்ளையைக் கண்டதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. அந்தச் சந்தோசத்தில் ஆடிக் காட்டச் சொன்னார். பிள்ளை ஆடியது. மாஸ்டர் தாளம் போட்டார். நானும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், டின்னை எடுத்துத் தலையில் வைத்தேன்.

சுகந்தி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது நாங்கள் மூன்று பேரும் கச்சேரியின் உச்சத்தில் நின்றோம். பிள்ளை என் தோளில்.

அவள் ஏசவில்லை. மாஸ்டர் போகும்வரை காத்திருந்தாள். வாங்கில் இருந்து ஈரக் காலைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்:

"நான் தையிலை போகேல்லை. வேலையை விடப் போறன்."

"ஏன், நான் இன்னும் ரெண்டு கிழமையிலை..."

"இஞ்சாருங்கோ. வாட்டுக்குள்ளை நான் நடந்து வந்தால் நோயாளி ஒருக்கா நிம்மதியாய் மூச்சு விடுவார். அது எனக்குப் பிடிக்கும். பிள்ளையும் எனக்குப் பிடிக்கும். ரெண்டிலை ஒண்டை ஏன் நான் மட்டும் விடவேணும் எண்டு எனக்கு விளங்கேல்லை. ஆனா விடத்தான் வேணும்போலை கிடக்கு."

ஒரு பகிடி நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினேன். அது என் வாழ்க்கையில் அடிக்கடி நடக்காதது.

பகிடி இல்லாமல் ஒரு கதை

அடுத்த நாள் விடிய, அண்ணை வேலைக்கு வெளிக்கிட முன்பு, நானே எடுத்தேன்.

வழக்கப்படி பகிடியாகத்தான் தொடங்கினேன். உங்கடை பெறாமகள் இப்ப கனடா நேரத்துக்குத்தான் படுக்கிறாள், அவளுக்கும் அங்கை ஒரு வேலை பாருங்கோ என்றேன். அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். பகிடிக்காரனின் சாபம் இதுதான். வீடு எரிகிறது என்று சொன்னாலும் ஆட்கள் கைதட்டுவார்கள்.

அவர் சிரித்து முடியும்வரை பொறுத்து, குரலை மாற்றிச் சொன்னேன். அந்த நேரம் பிள்ளை படுக்கிற நேரம். இப்படியே போனால் சுகந்தி வேலையை விடவேண்டி வரும்.

அந்தப் பக்கம் அவர் கதிரையை இழுத்து இருப்பது கேட்டது.

"எனக்குத் தெரியாது தம்பி" என்றார். முதல் தடவையாகக் கத்தாமல். "என்ரை பெடியள் ரெண்டு பேரும் சின்னனிலை படுக்கப் போற நேரம், நான் சப்பாத்துப் போடுற நேரம். கதவடியிலை நிண்டு கை காட்டுவாங்கள். என்னெண்டு நித்திரை கொண்டவங்கள், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தவங்கள், ஒண்டும் நான் காணேல்லை. இவளின்ரை கண் செருகிறதை இப்பதான் பாக்கிறன். அதுதான்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சரி. இனி எடுக்கேல்லை" என்றார். வைத்துவிட்டார்.

கோல் வராத நாட்கள்

எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். நாங்களும் நினைத்தோம்.

பின்னேரம் துடைத்தோம், சட்டை போட்டோம், பால் கொடுத்தோம். வெளிச்சத்தைக் குறைத்து வலைக்குள் விட்டால், பிள்ளை படுக்கவில்லை. அழவும் இல்லை. சீலையைப் பிடித்துக்கொண்டு நேராக இருந்தாள். கதவால் தெரியும் குசினி அலுமாரியைக் கை காட்டினாள்.

"பெப்பா?"

பெரியப்பா இல்லை என்றேன். நித்திரையாகிவிட்டார் என்றேன். அவள் காத்திருந்தாள். பஸ் தரிப்பிடத்தில் கடைசி பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல, கோபமில்லாமல், நம்பிக்கையோடு. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

மூன்றாம் நாள் சுகந்தி கதவு நிலையில் சாய்ந்து நின்று இதையெல்லாம் பார்த்தாள். மிஸ் சொன்ன வரிசையை நாங்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறோம், எங்களுக்குத் தெரியாமல் அதில் ஒன்று கூடிவிட்டது என்றாள். கார்த்திகை முழுக்க ஒவ்வொரு நாளும் அதே நேரம் வந்த குரல். பிள்ளைக்கு அதுவும் பால் மாதிரி, சட்டை மாதிரி ஒன்று.

"அவரை எடுக்கச் சொல்லுங்கோ" என்றாள். "ஆனா படம் வேண்டாம். குரல் மட்டும். ஆட்டம், கூத்து ஒண்டும் கூடாது. உங்களைப் பழக்கின மாதிரி அவரையும் பழக்கவேணும்."

அண்ணைக்கு எடுத்துச் சொன்னேன். அவர் குரலைக் குறைத்துப் பார்த்தார். இன்னும் குறையுங்கோ என்றேன்.

"இதைவிட மெல்லமாய்க் கதைச்சால் எனக்கே கேக்காதடா."

"அதுதான் அண்ணை வேணும்."

சைக்கிளை உருட்டிக்கொண்டு

முதல் நாள் போனைக் குப்புறத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். இருட்டு. வெளியே தவளைகள். போனில் அண்ணை மூச்சு விடுவது மட்டும் கேட்டது. "பெப்பா" என்று பிள்ளை போனைத் தடவினாள்.

"ஓம் குஞ்சு" என்றார். மெல்லமாக. பிறகு என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் நித்திரை வாறதுக்குச் செய்யிறதையே சொல்லட்டோ?"

பகலில் நித்திரை கொள்ளும் மனிதருக்கு அது லேசில் வராது. யன்னலில் தடித்த கம்பளியை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறாராம். அப்படியும் வெளிச்சம் ஓரத்தால் கசியும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் டவுணுக்குச் சைக்கிளில் போவாராம். ஒவ்வொரு நாளும் அதே ரோட்டு. இது எனக்கு இத்தனை வருசம் தெரியாது.

"சைக்கிள் ஓடினால் நித்திரை வராது" என்றார். "இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகவேணும்."

உருட்டினார். சந்தை முடிஞ்சு எல்லாரும் வீட்டை போட்டினம். இது மருதனார்மடம். சந்தியிலை ஒருத்தரும் இல்லை. மெல்லமாய்த் திரும்புவம். இது இணுவில். ஒரு வீட்டிலை விளக்கு எரியுது. இப்ப நூந்திட்டுது. ஒவ்வொன்றுக்கும் இடையில் நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் தவளை.

"தாவடியிலை ஒரு நாய் நிக்கும்" என்றார்.

"வவ்" என்றாள் பிள்ளை. தலையைத் தூக்கிவிட்டாள். காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

"ஓம், வவ். ஆனா இண்டைக்கு அது படுத்திட்டுது. முகத்தைக் காலுக்குள்ளை வைச்சுப் படுத்திருக்கு. நாங்கள் சத்தம் போடாமல் போவம்."

பிள்ளை தலையை மறுபடி சீலையில் வைத்தாள். அந்த நாய் செத்து எத்தனையோ வருசம் ஆகியிருக்கும். நான் திருத்தவில்லை. கொக்குவில் வருவதற்குள் சீலை மூலை அவள் கையிலிருந்து நழுவியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதே ரோட்டு. ஒரு வீட்டையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒரு நாள் என் பழைய போனின் பற்றரி இணுவிலில் செத்துப்போனது. பிள்ளை எழும்பி இருந்துவிட்டாள். மிச்ச ரோட்டை நான் உருட்டினேன். தாவடி நாயைப் படுக்க வைக்க நான் பட்ட பாடு. என் குரலுக்கு அது எழும்பிக் குரைத்திருக்கும்.

பங்குனியில் அங்கே மணிக்கூட்டைத் திரும்ப மாற்றுவார்களே, கோல் மறுபடி ஆறரைக்கு வந்துவிடுமே என்று அண்ணையிடம் கேட்டேன்.

"அவங்கள் மாத்தட்டும்" என்றார். "நான் ஒரு மணித்தியாலம் முழிச்சிருப்பன். அவளின்ரை நேரம்தான் இனி எனக்கு நேரம்."

முதல் பின்னேரம்

பொங்கல் முடிந்து சில நாட்களில் சுகந்தி முதல் பின்னேர முறைக்குப் போனாள். வெள்ளைச் சட்டையை மினுக்கிப் போட்டிருந்தாள். படலைவரை போய், திரும்பி வந்து, பால் போத்தல் கழுவியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு போனாள். எல்லாம் சரியாய் நடக்கும் என்று நான் சொன்னேன். வழக்கம்போல என்னை நம்பாத மாதிரித்தான் பார்த்தாள்.

அன்றைக்கு நடந்ததில் பாதிதான் எனக்குத் தெரியும். பிள்ளையைத் துடைத்தது தெரியும். பால் கொடுத்தது, வலைக்குள் போனது, அண்ணை எடுத்தது தெரியும். இணுவிலில் விளக்கு நூர்ந்தது தெரியும். தாவடியில் நாய் படுத்திருந்தது. அதற்குப் பிறகு தெரியாது. மிச்சம் சுகந்தி சொன்னது.

எட்டு மணி கடந்து வந்திருக்கிறாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பயந்துபோய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறை வாசலுக்கு வந்திருக்கிறாள். பிள்ளை சீலையில் முகத்தைப் புதைத்துப் படுத்திருந்தாளாம். பக்கத்தில் நான், வாயைத் திறந்தபடி. இந்தத் தடவை நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்ததாம்.

ஆனால் குறட்டை என்னிடமிருந்து வரவில்லை. குனிந்து பார்த்தாளாம். அது போனிலிருந்து வந்தது. அண்ணையும் கொக்குவிலுக்கும் டவுணுக்கும் இடையில் எங்கேயோ சைக்கிளைச் சாத்திவிட்டுப் படுத்துவிட்டார். கம்பளி அடித்த யன்னலுக்குப் பின்னால், அங்கே நல்ல வெயில் ஏறியிருக்கும்.

சுகந்தி போனைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். பற்றரி சாகிற நிலையில் இருந்தது. கோலை வெட்டுவதற்கு விரலைக் கொண்டுபோனவள், வெட்டவில்லை. குசினிக்குப் போய்ச் சார்ஜரை எடுத்து வந்து குத்தி, மெல்லமாகத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தினாளாம்.